மதுரையைச் சொற்களால் சுற்றுவது: நகரம் காட்டும் உரை விளையாட்டு எப்படி உருவாகிறது?

செயற்கை நுண்ணறிவு உரையாடல் செயலி ஒன்றைத் திறந்து, "என்னை மதுரைக்குள் நடத்திச் செல், நான் எந்தப் பக்கம் போகிறேன் என்று சொல்வேன், நீ அங்கே என்ன இருக்கிறது என்று சொல்" என்று கேட்டு ஊர் சுற்றிப் பார்ப்பதை இப்போது பலர் முயன்று பார்க்கிறார்கள். முதல் நான்கைந்து நகர்வுகள் வரை எல்லாம் பொருத்தமாகவே தோன்றும். அதன் பிறகு, கோயிலின் கிழக்கு வாசலிலிருந்து கிழக்கே நடந்தவர், கோயிலுக்கு மேற்கே உள்ள மேலமாசி வீதியில் நிற்பதாகப் பதில் வரலாம். வந்த வழியே திரும்பினால் முன்பு பார்த்த மண்டபம் அங்கே இல்லாமல் போகலாம். வாக்கியங்கள் வழுவழுப்பாக இருக்க, ஊர் மட்டும் குலைந்துபோவது ஏன் என்ற குழப்பம் பயன்படுத்துவோருக்கு எழுகிறது.

அந்த வாக்கியங்களுக்கு அடியில் வரைபடம் எதுவும் இல்லை என்பதே காரணம். நகரத்தைச் சுற்றிக் காட்டும் உரை விளையாட்டை ஐம்பது ஆண்டுப் பழக்கமுள்ள ஒரு முறைப்படி கட்டினால் இந்தக் குழப்பம் வராது. அந்த முறையில் எழுத்துக்கு முன் வரைபடமும், வரைபடத்துக்கு முன் ஊரை நேரில் நடந்து பார்ப்பதும் வருகின்றன. அதை மதுரை நகரை எடுத்துக்காட்டாகக் கொண்டு இங்கே அடிப்படையிலிருந்து பார்க்கலாம். தெருக்களின் பெயரிலேயே திசையைச் சுமக்கும் ஊர் என்பதால் மதுரை இதற்கு மிகவும் பொருந்தும். அதே காரணத்தால், தமிழில் இவ்வகை ஆட்டத்தை எழுதுவோர் சந்திக்கும் மிகக் கடினமான சிக்கலும் மதுரையில்தான் முதலில் தலைகாட்டும்.

உரை விளையாட்டு என்பது என்ன?

உரைவழிச் சாகச விளையாட்டில் படம் கிடையாது. ஆட்டக்காரர் நிற்கும் இடத்தை வருணிக்கும் ஒரு பத்தி திரையில் தோன்றும். அவர் "வடக்கே போ", "விளக்கை எடு" என்று தட்டெழுதுவார். நிரல் அதைப் பிரித்துப் புரிந்துகொண்டு, விளைவை அடுத்த பத்தியாகக் காட்டும்.

1975-76 வாக்கில் அமெரிக்க நிரலாளர் வில் கிரௌதர், பிடிபி-10 கணினியில் ஃபோர்ட்ரான் மொழியில் எழுதிய 'அட்வென்ச்சர்' இந்த வகையின் தொடக்கமாகக் கொள்ளப்படுகிறது. கிரௌதர் குகைகளுக்குள் இறங்கி அளந்து வரைபடம் வரைந்தவர். கென்டக்கி மாநிலத்தின் மாமத் குகைத் தொகுதியில் அவர் அளந்த ஒரு பகுதியின் வழிகளும் திருப்பங்களுமே அந்த ஆட்டத்தின் நிலத்தடி அமைப்புக்கு மூலம். 1977இல் டான் உட்ஸ் ஸ்டான்ஃபோர்டில் அதை விரித்து எழுதிய பிறகுதான் புதையலும் மாயமும் பெருகின. இவ்வகையின் முதல் ஆட்டமே ஓர் உண்மையான இடத்தின் அளவைக் குறிப்பிலிருந்து பிறந்தது என்பதை நகர விளையாட்டு எழுதுவோர் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

தமிழ் வாசகருக்கு இந்த வடிவம் அந்நியமானதும் அல்ல. பரிசில் பெற்றுத் திரும்பும் கலைஞர், எதிர்ப்படும் இன்னொரு கலைஞரிடம், இந்த வழியே போனால் இன்ன நிலம் வரும், அங்கே இன்ன உணவு கிடைக்கும், இன்னாரைக் காணலாம் என்று முன்னிலையில் சொல்லிச் செல்வதே ஆற்றுப்படை. கேட்பவரை நடப்பவராக்கி, வழியை வரிசையாகச் சொற்களில் விரிக்கும் அந்த இலக்கணம், உரை விளையாட்டின் இலக்கணத்துக்கு வியக்கத்தக்க அளவு நெருக்கமானது. ஒரே ஒரு வேறுபாடு: ஆற்றுப்படையில் வழி ஒன்றுதான், விளையாட்டில் கேட்பவர் இடையில் திரும்பலாம், நிற்கலாம், வேறு தெருவில் நுழையலாம். அந்த ஒரு வேறுபாட்டைத் தாங்குவதற்காகத்தான் பின்வரும் ஏற்பாடு எல்லாம் தேவைப்படுகிறது.

நான்கு அடிப்படைச் சொற்கள்

1. இடம். ஆட்டக்காரர் ஒரு நேரத்தில் நிற்கக்கூடிய ஓர் அலகு. ஆங்கில ஆட்டங்களில் இதை 'ரூம்' என்பார்கள். ஆனால் அது அறையாக இருக்க வேண்டியதில்லை. ஒரு தெருமுனையும் இடம், ஒரு பாலமும் இடம்.

2. வழி. ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்குச் செல்லும் தொடர்பு. இது எப்போதும் ஒருதிசைப்பட்டது. கோயிலுக்குக் கிழக்கே உள்ள புது மண்டபத்திலிருந்து மேற்கே போனால் கீழச்சித்திரை வீதி வரும் என்று எழுதினால், கீழச்சித்திரை வீதியிலிருந்து கிழக்கே போனால் புது மண்டபம் வரும் என்று நிரல் தானாக ஊகிக்காது. அதைத் தனியே எழுத வேண்டும்.

3. பொருள். எடுக்க, பார்க்க, திறக்க, கொடுக்கக் கூடியது எதுவும். ஆட்டத்தில் எதிர்ப்படும் மனிதரும் நிரலைப் பொறுத்தவரை பேசத் தெரிந்த ஒரு பொருளே.

4. நிலை. இந்தக் கணத்தில் எது எப்படி இருக்கிறது என்ற பதிவு: மணி என்ன, கையில் என்ன இருக்கிறது, கோயில் நடை திறந்திருக்கிறதா, ஆற்றில் தண்ணீர் போகிறதா.

இந்த நான்கும் சேர்ந்ததை 'உலக மாதிரி' என்கிறோம். இது ஏன் தேவை என்பதை ஒரு சிறு கணக்கு காட்டிவிடும். வெறும் கதைக் கிளைகளாக எழுதினால், ஒவ்வொரு கட்டத்திலும் மூன்று தேர்வுகள் கொடுத்து பத்துக் கட்டங்கள் போனால், முடிவில் 3-ஐப் பத்து முறை பெருக்கிய எண்ணிக்கையில், அதாவது 59,049 கிளை நுனிகள் இருக்கும். உலக மாதிரியிலோ ஐம்பது இடங்களையும் அவற்றின் வழிகளையும் ஒருமுறை எழுதினால் போதும். ஆட்டக்காரர் எந்த வரிசையில் சுற்றினாலும் ஊர் ஊராகவே இருக்கும்.

எதை ஓர் இடமாகக் கொள்வது?

மதுரையின் பழைய நகரம் மீனாட்சியம்மன் கோயிலை நடுவில் வைத்து, ஒன்றைச் சுற்றி ஒன்றாக அமைந்த வீதிகளால் ஆனது. கோயில் மதிலுக்குள் ஆடி வீதிகள். வெளியே சித்திரை வீதிகள், அவற்றைச் சுற்றி ஆவணி மூல வீதிகள், அதற்கும் வெளியே மாசி வீதிகள், கடைசியாக வெளி வீதிகள். ஒவ்வொரு சுற்றிலும் கீழ, மேல, வடக்கு, தெற்கு என்று நான்கு வீதிகள். மதிலுக்கு வெளியே மட்டும் 16 வீதிகளும், அவை சந்திக்கும் 16 முனைகளும் கிடைக்கின்றன. வெளி வீதிகள் பழைய கோட்டை இருந்த எல்லையை ஒட்டியவை. கலெக்டர் பிளாக்பர்ன் காலத்தில், 19ஆம் நூற்றாண்டின் முற்பாதியில், கோட்டைச் சுவர் இடிக்கப்பட்ட பிறகே நகரம் அந்த எல்லையைத் தாண்டி விரிந்தது. அவர் நினைவாக நிறுவப்பட்ட விளக்குத்தூண் இன்றும் ஊர்க்காரர்கள் வழி சொல்லப் பயன்படுத்தும் அடையாளம்.

புதிதாக எழுதுவோர் செய்யும் முதல் தவறு, இந்த வீதிகளை அளவுகோல் வைத்துத் துண்டு போடுவது. ஒரு கிலோமீட்டர் நீளத் தெருவைப் பத்து மீட்டருக்கு ஒன்றாகப் பிரித்தால் 100 இடங்கள் வரும்; ஒவ்வொன்றுக்கும் அறுபது சொற்கள் எழுதினாலும் 6,000 சொற்கள். அவற்றில் பெரும்பாலானவை "இன்னும் அதே தெருவில் இருக்கிறீர்கள்" என்பதைத் தவிர வேறெதையும் சொல்லாது. ஆட்டக்காரர் "வடக்கு, வடக்கு, வடக்கு" என்று சலிப்போடு தட்டிக்கொண்டிருப்பார்.

சரியான அளவுகோல் முடிவெடுக்கும் தருணம். நடப்பவர் எங்கே நின்று "இப்படியா, அப்படியா" என்று யோசிப்பாரோ, எங்கே கண்ணுக்கோ மூக்குக்கோ காதுக்கோ தெரு மாறிவிட்டது என்று படுகிறதோ, அங்கே ஓர் இடம் தொடங்குகிறது. கீழமாசி வீதியில் மளிகை மொத்த வியாபாரம் நடக்கும் பகுதி ஓர் இடம். தேர் நிற்கும் தேர்முட்டி இன்னோர் இடம். தெற்காவணி மூல வீதியில் நகைக்கடைகள் வரிசையாக இருக்கும் நீளம் முழுவதையும் ஒரே இடமாகக் கொள்வதில் பிழையில்லை. வரைபடத்தில் நீளமாக இருப்பது ஆட்டத்திலும் நீளமாக இருக்க வேண்டியதில்லை; நடக்கும் நேரத்தை மட்டும் ஒவ்வொரு வழியோடும் நிமிடக் கணக்கில் குறித்துவிட்டால் போதும். ஒரு வழிக்கு 2 நிமிடம், இன்னொன்றுக்கு 12 நிமிடம் என்று கடிகாரம் நகரும்.

இந்தக் குறிப்பு ஓர் அட்டவணையாக இப்படி இருக்கும்:

இடம்: புது மண்டபம்
மேற்கு: கீழச்சித்திரை வீதி, 1 நிமிடம்
கிழக்கு: எழுகடல் தெரு, 2 நிமிடம்
பொருள்கள்: தூண்கள், சிற்பங்கள்

தூரங்களை அளக்க ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் போன்ற திறந்த வரைபடத் தரவு உதவும்; அதைப் பயன்படுத்தினால் மூலத்தைக் குறிப்பிட வேண்டும் என்பது அதன் உரிம விதி. ஆனால் எங்கே தெருவின் மணம் மாறுகிறது என்பதை எந்த வரைபடமும் சொல்லாது. குறிப்பேட்டோடு ஒருமுறை காலையிலும் ஒருமுறை இரவிலும் நடந்தே ஆக வேண்டும்.

கீழ, மேல: திசையா, உயரமா?

இனி, தமிழுக்கே உரிய சிக்கல். உரை விளையாட்டுகளில் நான்கு திசைகளோடு மேலே, கீழே என்ற இரண்டும் வழக்கமான நகர்வுகள். படி ஏறவும் இறங்கவும் அவை வேண்டும். தமிழிலோ 'மேல்' என்பதே மேற்கு, 'கீழ்' என்பதே கிழக்கு. நிலம் மேற்கே மலையாக உயர்ந்து கிழக்கே கடலை நோக்கித் தாழ்வதால் அந்தச் சொற்கள் திசைகளுக்கும் நின்றன என்பது பரவலாக ஏற்கப்பட்ட விளக்கம். மதுரையில் இது புத்தகச் சொல்லாக இல்லாமல் தினப்பேச்சாக இருக்கிறது: மேலமாசி வீதி, கீழவெளி வீதி, மேலக்கோபுரம்.

ஆகவே ஆட்டக்காரர் "மேல போ" என்று தட்டினால் நிரல் என்ன செய்ய வேண்டும்? படிக்கட்டு உள்ள இடத்தில் அவர் ஏற நினைத்திருக்கலாம். தெருவில் நின்றால் மேற்கே போக நினைத்திருக்கலாம். மேலமாசி வீதிக்குப் போகச் சொல்ல வந்தவர் பாதியில் நிறுத்தியிருக்கலாம். இதற்கு ஒரு நியாயமான ஒழுங்கு உண்டு:

1. 'மேல', 'கீழ' என்பவற்றை அடுத்து வீதி, கோபுரம், வாசல் போன்ற சொல் வந்தால் அது பெயரின் பகுதி; நகர்வுத் திசையாகக் கொள்ளக் கூடாது.

2. தனியாக வந்தால், நிற்கும் இடத்தில் எந்த வழி உண்டு என்று பார்க்க வேண்டும். ஏறும் வழி மட்டும் இருந்தால் ஏற்றம். மேற்கு வழி மட்டும் இருந்தால் மேற்கு.

3. இரண்டும் இருந்தால் ஊகிக்கக் கூடாது. "மேற்கே போகவா, படி ஏறவா?" என்று கேட்க வேண்டும்.

4. இந்த மயக்கமே எழாதிருக்க, ஆட்டம் தன் பத்திகளில் நகர்வுக்கு எப்போதும் 'மேற்கே', 'கிழக்கே' என்றும், உயரத்துக்கு 'ஏறு', 'இறங்கு' என்றும் மட்டுமே எழுத வேண்டும். ஆட்டக்காரர்கள் தாங்கள் படிக்கும் சொல்லையே பெரும்பாலும் திருப்பித் தட்டுவார்கள்.

நான்காவது விதி மற்ற மூன்றையும்விட அதிக வேலை செய்யும். நிரலின் அறிவைப் பெருக்குவதைவிட எழுத்தின் ஒழுங்கைக் காப்பது எளிது என்பதற்கு இதுவே போதிய சான்று.

திசையில் இன்னொரு நுட்பமும் உண்டு. சுற்று வீதிகள் கச்சிதமான சதுரங்கள் அல்ல. வெளியே போகப்போக வளைவும் கோணலும் கூடுகின்றன. ஆட்டத்தில் அவற்றை நேராக்கிவிடலாம். ஊர்க்காரர் மனத்தில் வீதிகள் நேராகத்தான் இருக்கின்றன. அவர் சொல்லும் வழியும் அப்படித்தான் இருக்கிறது.

வழிக்கு நிபந்தனை: ஊர் உயிர் பெறும் இடம்

இதுவரை சொன்னது அசையாத ஊர். ஒரு நகரத்தை அறிவது என்பதில் பாதி, எந்த வழி எப்போது அடைபடும் என்று அறிவதுதான். நிரலில் இதை, வழியோடு நிபந்தனை ஒன்றை இணைத்து எழுதுகிறோம்: நிலை இப்படி இருந்தால் மட்டும் இந்த வழி திறக்கும்.

வைகையைக் கடக்கும் வழிகளை எடுத்துக்கொள்ளலாம். ஆற்றின் தென்கரையில் யானைக்கல், வடகரையில் கோரிப்பாளையம். 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் கட்டப்பட்ட ஆல்பர்ட் விக்டர் பாலம், ஊர் வழக்கில் ஏ.வி. பாலம், எப்போதும் திறந்த வழி. யானைக்கல் அருகே உள்ள தரைப்பாலமான கல்பாலமோ, வைகை அணையிலிருந்து அதிகம் தண்ணீர் திறக்கப்படும்போது மூழ்கி அடைபடும். ஆட்டத்தில் இரண்டுக்கும் ஒரே தொடக்கமும் ஒரே முடிவும் இருக்க, ஒன்றுக்கு மட்டும் "ஆற்றில் வெள்ளம் இல்லையென்றால்" என்ற நிபந்தனை சேர்கிறது. ஒரே ஒரு வரி. ஆனால் அதன் மூலம் ஆட்டக்காரர் ஆற்றைப் பற்றி ஒரு பக்க வருணனை தராததைக் கற்றுக்கொள்கிறார்.

கோயில் இன்னும் செறிவானது. மதியம் 12.30 மணியளவில் நடை சாத்தப்பட்டு மாலை 4 மணிக்குத் திறக்கப்படும். ஆகவே ஆட்டத்தின் கடிகாரம் இந்த வாசலைத் தானே பூட்டித் திறக்க வேண்டும். 2018 பிப்ரவரியில் வீரவசந்தராயர் மண்டபப் பகுதியில் நேர்ந்த தீவிபத்துக்குப் பிறகு, நீதிமன்ற உத்தரவின்படி கைப்பேசிகளுக்கு உள்ளே அனுமதி இல்லை. உரை விளையாட்டில் 'கையிலிருக்கும் பொருள்' என்பது பொதுவாகச் சாவியோ விளக்கோதான். இங்கே ஆட்டக்காரர் கையிலிருக்கும் கைப்பேசியே வாசலில் தடையாகிறது. அவர் அதை ஒப்படைத்துவிட்டுச் சீட்டு வாங்கினால்தான் வழி திறக்கும். கைப்பேசியில் இந்த ஆட்டத்தைத் திறந்துகொண்டு உண்மையாகவே தெருவில் நடப்பவருக்கு இதில் ஒரு நேரடி விளைவு உண்டு: கோயிலுக்குள் அவரால் ஆட்டத்தைப் பார்க்க முடியாது. ஆகவே பொற்றாமரைக் குளம், 985 தூண்கள் கொண்ட ஆயிரங்கால் மண்டபம் ஆகியவற்றைப் பற்றிய பகுதியை, உள்ளே போகும் முன் படித்து மனத்தில் வைத்துக்கொள்ளும்படி, அல்லது வெளியே வந்த பிறகு "உள்ளே நீங்கள் எதைப் பார்த்தீர்கள்?" என்று கேட்கும்படி எழுத வேண்டும்.

திருவிழாவும் நிபந்தனைதான். சித்திரைத் திருவிழாவின் தேர் ஓடுவது சித்திரை வீதிகளில் அல்ல, மாசி வீதிகளில். மாசியில் நடந்த விழாவைத் திருமலை நாயக்கர் சித்திரைக்கு மாற்றினார் என்று இதற்குக் காரணம் சொல்லப்படுகிறது. வீதியின் பெயரை மட்டும் பார்த்து எழுதும் ஆட்டம் தேரைத் தவறான சுற்றில் ஓடவிட்டுவிடும்.

நிலை என்பது மணிக்கணக்கில் மட்டும் மாறுவதில்லை. ஆண்டுக் கணக்கிலும் மாறும். 1939 ஜூலை 8 அன்று மதுரைக் காங்கிரஸ் தலைவர் அ. வைத்தியநாத ஐயர், அதுவரை நுழைவு மறுக்கப்பட்ட சாதியினரை அழைத்துக்கொண்டு மீனாட்சியம்மன் கோயிலுக்குள் சென்றார். அதற்கு முந்தைய ஆண்டில் நடக்கும் ஆட்டத்தை ஒருவர் எழுதினால், அதே வாசலின் நிபந்தனை கடிகாரத்தைப் பார்க்காது. வந்து நிற்பவர் யார் என்று பார்க்கும். ஆட்டக்காரர் எந்த மனிதராக நடக்கிறார் என்பதைத் தொடக்கத்திலேயே தீர்மானித்துவிட்ட ஆட்டத்தில், ஒரு வாசல் ஒருவருக்குத் திறந்து இன்னொருவருக்கு மூடியிருப்பதை வாசகர் தம் நகர்வு தடுக்கப்படுவதன் மூலமே உணர்வார். வரலாற்றை விளக்கிச் சொல்லும் பத்தியைவிட இது ஆழமாகப் பதியும் என்றே நான் கருதுகிறேன். அதனாலேயே இப்படிப்பட்ட வாசலை விளையாட்டுத்தனமான புதிராக்கிவிடாமல் எழுதும் பொறுப்பும் கூடுகிறது. இன்றைக்கும் கருவறைப் பகுதிக்குள் இந்துக்கள் அல்லாதோருக்கு அனுமதி இல்லை என்பதை ஆட்டம் மறைக்காமல் சொல்ல வேண்டும்.

வருணனை: முதலில் கொஞ்சம், கேட்டால் மேலும்

ஓர் இடத்தின் முதல் பத்தி ஐம்பது, அறுபது சொற்களைத் தாண்டினால் படிக்கப்படாது. அதில் மூன்று மட்டும் வர வேண்டும்: எங்கே நிற்கிறோம், எந்தெந்தப் பக்கம் போகலாம், கண்ணில் படுவது என்ன. மற்றது எல்லாம் "பார்" என்ற கட்டளைக்குப் பின்னால் காத்திருக்கலாம்.

மேலமாசி வீதியில் நடக்கும்போது, "ஒரு கதர்க்கடை இருக்கிறது" என்பது முதல் பத்திக்குப் போதும். "கடையைப் பார்" என்று தட்டுபவருக்கு மட்டும், 1921 செப்டம்பரில் காந்தி தங்கியிருந்து, வழக்கமான உடையை விட்டு அரையாடைக்கு மாறிய வீடு இதுதான் என்ற செய்தி கிடைக்கும். தேடியவருக்குக் கிடைத்த செய்தி, வழிகாட்டி ஒப்பித்த செய்தியைவிட மனத்தில் நிற்கும். ஆனால் இதற்கு ஒரு கண்டிப்பான விதி உண்டு: பத்தியில் எழுதிய ஒவ்வொரு பெயர்ச்சொல்லும் பார்க்கக் கூடியதாக இருக்க வேண்டும். "தூண்கள்" என்று எழுதிவிட்டு, "தூணைப் பார்" என்றால் "அப்படி ஒன்று இங்கே இல்லை" என்று பதில் வருமானால், ஆட்டக்காரரின் நம்பிக்கை அந்த இடத்திலேயே போய்விடும்.

தமிழில் கட்டளையைப் புரிந்துகொள்வது

தட்டெழுதிய வாக்கியத்தைப் பிரித்து வினை எது, பொருள் எது என்று கண்டறியும் பகுதியைப் பகுப்பி என்பர். ஆங்கிலப் பகுப்பிகள் வினை முதலில் வரும் என்ற எதிர்பார்ப்பில் கட்டப்பட்டவை. தமிழில் வினை கடைசியில் வரும். பெயரோடு வேற்றுமை உருபு ஒட்டிக்கொண்டு அதன் வடிவையே மாற்றும். ஆகவே ஆங்கிலப் பகுப்பியை மொழிபெயர்ப்பது வீண் உழைப்பு. தமிழுக்கு வேறு வரிசையில் எழுத வேண்டும்.

1. எழுத்தை ஒழுங்குபடுத்துதல். எழுத்துகளைக் கணினியில் குறிக்கும் பொது முறையான யூனிகோடில் 'கொ' என்பதைக் 'க'வோடு ஒரே குறியாகவும் சேமிக்கலாம். ஒற்றைக்கொம்பு, கால் என இரு குறிகளாகவும் சேமிக்கலாம். திரையில் இரண்டும் ஒன்றே, நிரலுக்கு வெவ்வேறு. 'கோபுரம்' என்று சரியாகத் தட்டியும் நிரல் அறியவில்லை என்றால் காரணம் பெரும்பாலும் இதுவே. இத்தகைய இரு வடிவங்களை ஒன்றாக்கும், என்எஃப்சி எனப்படும் இயல்பாக்கத்தை ஒவ்வொரு உள்ளீட்டின் மீதும் முதலில் நடத்த வேண்டும்.

2. சந்தி மெய்யை நீக்குதல். "சீட்டைக் கொடு" என்று ஒருவரும் "சீட்டை கொடு" என்று இன்னொருவரும் தட்டுவார்கள். சொல்லின் இறுதியில் வரும் க், ச், த், ப் ஆகியவற்றை நீக்கிவிட்டால் இரண்டும் ஒன்றாகும். தமிழ்ச் சொற்கள் இயல்பாக இந்த எழுத்துகளில் முடிவதில்லை. கடன் சொற்கள் முடியும். 'பார்க்' என்று பூங்காவைக் குறிப்பிட்டால், இந்த விதி அதன் க்-ஐ வெட்டி 'பார்' என்ற கட்டளையாக்கிவிடும். எனவே முழுச் சொல்லை அகராதியில் தேடிய பிறகே வெட்ட வேண்டும்.

3. வினையைக் கடைசியிலிருந்து தேடுதல். 'போ', 'செல்', 'நட' மூன்றும் ஒன்றே. "போகிறேன்", "போறேன்", "போகணும்" என்று தன்மையில் தட்டுவோரும் உண்டு. ஆட்டத்தை ஏவுவதா, தான் செய்வதைச் சொல்வதா என்ற தயக்கம் அவர்களுக்கு இயல்பாக வருவது. எல்லாவற்றையும் ஏற்க வேண்டும்.

4. வேற்றுமையைப் படித்தல். இங்கே தமிழ் நமக்கு உதவுகிறது. "காவலரிடம் சீட்டைக் கொடு", "சீட்டைக் காவலரிடம் கொடு" இரண்டிலும் யாரிடம், எதை என்பதில் ஐயமே இல்லை, உருபே சொல்லிவிடுகிறது. உருபை நீக்கி மூலப் பெயரைக் காண்பதில்தான் கவனம் வேண்டும்: குளம் 'குளத்துக்கு' ஆகிறது, ஆறு 'ஆற்றுக்கு' ஆகிறது, வீடு 'வீட்டை' ஆகிறது, தெரு 'தெருவுக்கு' ஆகிறது.

இதற்கு, எந்தச் சொல்லையும் அடிச்சொல்லும் உருபுமாகப் பிரிக்கும், தமிழ் முழுமைக்குமான உருபன் ஆய்வு நிரல் வேண்டும் என்று பலர் தயங்கி நின்றுவிடுகிறார்கள். வேண்டியதில்லை. ஒரு நகர ஆட்டத்தில் நூறு, நூற்றைம்பது பெயர்ச்சொற்கள்தான் இருக்கும். ஒவ்வொன்றுக்கும் எழுவாய் வடிவம், உருபு ஏற்கும் வடிவம் என்று இரண்டைக் கையாலேயே பட்டியலிட்டுவிடலாம். 'மண்டபம், மண்டபத்து' என்று எழுதிவைத்தால் மண்டபத்தை, மண்டபத்துக்கு, மண்டபத்திற்கு, மண்டபத்தில் எல்லாம் அதிலிருந்து பிறக்கும். ஒரு மாலை வேலை.

ஆங்கில எழுத்தில் தமிழைத் தட்டுவோருக்காக, அதே பட்டியலில் அவர்கள் வழக்கமாகத் தட்டும் இரண்டு மூன்று வடிவங்களையும் சேர்த்துவிட வேண்டும். எதுவும் பொருந்தாதபோது வெறுமனே "புரியவில்லை" என்று சொல்லாமல், எந்தச் சொல் தெரியவில்லை என்பதைச் சுட்டிக்காட்ட வேண்டும்.

கருவிகள்

தட்டச்சே வேண்டாம், தேர்வுகளைத் தொட்டு நகர்ந்தால் போதும் என்றால் 2009இல் கிறிஸ் கிளைமாஸ் உருவாக்கிய ட்வைன் எளிது. இணைய உலாவியில் ஓடுவதால் தமிழ் எழுத்துச் சிக்கல் இல்லை. பகுப்பி ஆட்டங்களுக்குப் புகழ்பெற்றது கிரகாம் நெல்சனின் இன்ஃபார்ம். அது 1993இல் தொடங்கியது; 2022இல் அதன் ஏழாம் பதிப்பின் மூல நிரல் பொதுவில் திறக்கப்பட்டது. ஆனால் அதன் நூலகம் ஆங்கில இலக்கணத்தைச் சுற்றியது. அது முதலில் சார்ந்திருந்த இசட்-மெஷின் என்ற பழைய அமைப்பின் அகராதி, சொல்லின் முதல் 6 அல்லது 9 எழுத்துக் குறிகளை மட்டுமே நினைவில் வைத்தது. தமிழுக்கு, பைத்தானிலோ ஜாவாஸ்கிரிப்டிலோ சொந்தமாகச் சிறு நிரல் எழுதுவதே நேர்வழி. ஆட்டத்தின் அளவைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். எழுத்தைக் கோப்பில் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் ஒரு தமிழ்க் குறிக்கு 3 பைட் ஆகும். நூறு இடங்களுக்கு எண்பது எண்பது சொற்கள் எழுதினாலும் கைப்பேசியில் எடுத்த ஒரு புகைப்படத்தைவிடச் சிறியதாகவே இருக்கும். திரைவாசிப்பான் கொண்டு கேட்டுப் படிக்கும் பார்வையற்றோர் எந்தக் கூடுதல் ஏற்பாடும் இன்றி முழுமையாக ஆடக்கூடிய விளையாட்டு வகையும்கூட இது.

செயற்கை நுண்ணறிவுக்கு எங்கே இடம்?

2019இல் வெளிவந்த 'ஏஐ டஞ்சன்' முதல், உரையாடல் செயலிகளுக்கு அடிப்படையான மொழி மாதிரி கதையையே எழுதிச் செல்லும் ஆட்டங்கள் பெருகியுள்ளன. கற்பனை உலகில் இது நன்றாகவே ஓடும். அங்கே தவறான தெரு என்று ஒன்று இல்லை. உண்மையான நகரத்தில் உண்டு. மொழி மாதிரி அடுத்து வரத்தக்க சொல்லைத் தருகிறது. கீழமாசி வீதிக்கு அடுத்து எது என்று அது எங்கும் பார்த்துச் சொல்வதில்லை.

ஆகவே வேலையைப் பிரிக்க வேண்டும். "அந்தச் செருப்பை விட்டுட்டு உள்ள போயிடலாமே" என்று ஒருவர் தட்டினால், அதை "செருப்பை விடு", "உள்ளே போ" என்ற இரண்டு கட்டளைகளாக மாற்றும் வேலையை மொழி மாதிரி மிகச் சிறப்பாகச் செய்யும். அதன் விடை, ஆட்டம் அறிந்த கட்டளைப் பட்டியலுக்குள் இருக்கிறதா என்று நிரல் சரிபார்த்து, இல்லையென்றால் ஒதுக்கிவிட வேண்டும். வாசல் திறந்திருக்கிறதா, அடுத்த இடம் எது என்பவற்றை உலக மாதிரி மட்டுமே சொல்ல வேண்டும். வருணனைப் பத்திகளை நடந்து பார்த்த மனிதர் எழுத வேண்டும்.

சோதனையும் காலாவதியும்

கணினியால் செய்யக்கூடிய சோதனைகள் இரண்டு. தொடக்க இடத்திலிருந்து எல்லா இடங்களுக்கும் போய்ச்சேர முடிகிறதா என்பது ஒன்று. போன வழிக்குத் திரும்பும் வழி உண்டா, இல்லையென்றால் அது தெரிந்தே விட்டதா என்பது மற்றொன்று. நடை சாத்தும்போது ஆட்டக்காரர் உள்ளே சிக்கிக்கொள்கிறாரா, கல்பாலத்தில் நிற்கும்போது நிலை மாறினால் என்ன ஆகிறது என்பவை மனிதர் ஆடிப்பார்த்தே தெரியவேண்டியவை. இதற்கு ஊரை நன்கறிந்த ஒருவரும், ஊருக்கே வராத ஒருவரும் வேண்டும். முன்னவர் பிழையைக் கண்டுபிடிப்பார். பின்னவர் வழி தவறுவார். இருவர் தட்டியதும் முழுமையாகப் பதிவாக வேண்டும், குறிப்பாக நிரலுக்குப் புரியாத ஒவ்வொரு வரியும். அடுத்த பதிப்பின் சொற்பட்டியல் அந்தப் பதிவிலிருந்துதான் வரும்.

எல்லாம் சரியாக இருந்தாலும் ஊர் மாறிக்கொண்டே இருக்கும். புது மண்டபத்துக்குள் தையல் இயந்திரங்களின் ஓசையும் புத்தகக் கடைகளும் பல தலைமுறைகளாக இருந்தன. அந்தக் கடைகள் குன்னத்தூர் சத்திரத்துக்கு மாற்றப்பட்டுவிட்டன. பழைய நினைவில் எழுதப்பட்ட ஆட்டத்தை நம்பி இன்று அங்கே துணி தைக்கப் போகிறவர் வெறும் மண்டபத்தின் முன் நிற்பார். ஆகவே ஒவ்வோர் இடத்தின் குறிப்பிலும், கடைசியாக நேரில் சென்று சரிபார்த்த நாளை ஒரு வரியாக எழுதிவைக்க வேண்டும். பழைய பத்தியையும் அழிக்காமல் ஆண்டைக் குறித்து வைத்துக்கொள்ள வேண்டும். ஆட்டத்தின் ஆண்டை ஆட்டக்காரரே தேர்ந்துகொள்ளும் வசதியைப் பின்னால் சேர்க்கும்போது, தையல் இயந்திரங்கள் ஓடிய மண்டபத்துக்குள் அவர் மறுபடியும் நுழைய அந்தப் பத்திதான் வழி.